‘நிலைதடுமாறி’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு ஊர் மண்டபம் பக்கம், கடற்கரைக் கிராமம். இருபத்திரண்டு வருஷமாக மீன் வியாபாரம். விடியக்காலை நாலு மணிக்குக் கரையில் ஏலம் எடுத்து, வண்டியில் பெட்டியைக் கட்டி, உச்சிப்புளி, ராமநாதபுரம், திருப்புல்லாணி என்று ஊர் ஊராக விற்றுவிட்டு மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவேன். உங்கள் பத்திரிகையை டீக்கடையில் தினமும் படிக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்து மோட்டார் சைக்கிள் விபத்துச் செய்தி எதை எடுத்தாலும் ஒரே வரி இருக்கிறது. ‘சென்றுகொண்டிருந்தபோது எதிர்பாராதவிதமாக நிலைதடுமாறிக் கீழே விழுந்தார்.’ அப்புறம் ஆஸ்பத்திரி பெயர், போலீஸ் ஸ்டேஷன் பெயர், ‘விசாரித்து வருகின்றனர்’. ஏன் நிலைதடுமாறினார் என்று ஒருநாளாவது யாராவது கேட்டு எழுதியிருக்கிறீர்களா? பத்து வருஷம் வண்டி ஓட்டுகிற ஆள், தினமும் போகிற ரோட்டில், காரணம் இல்லாமல் விழமாட்டான். பிரேக் பிடிக்காமல் போயிருக்கும், டயர் மொட்டையாக இருந்திருக்கும், மணல் கிடந்திருக்கும், ஆடு குறுக்கே வந்திருக்கும். ஏதோ ஒன்று இருக்கும். அந்த ஒன்றைத்தான் மற்றவன் தெரிந்துகொள்ள வேண்டும். அது மட்டும் செய்தியில் வருவதில்லை.

போன வருஷம் ஆடி மாதத்தில் என் மைத்துனன், என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, கீழக்கரை தாண்டி ஏர்வாடி போகிற வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விழுந்தான். மூன்று வரிச் செய்தி வந்தது. அதிலும் ‘நிலைதடுமாறி’தான். தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டி, ஒன்றரை மாதம் கஞ்சியும் ஜூஸும் மட்டும் குடித்துக்கிடந்தான். ஹெல்மெட் இருந்தது, பெட்ரோல் டேங்க் மேலே.

அவன் வண்டியை நான்தான் ஸ்டேஷனிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் போட்டுப் பார்த்தபோது சைடு ஸ்டாண்டு தொங்கிக்கொண்டு கிடந்தது. அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் இரண்டு துண்டு. ஒரு துண்டு ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அறுந்த இடத்தில் ஓரமெல்லாம் கருப்பும் பழுப்புமாகத் துரு, நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு மட்டும் பளபளவென்று புதுக் கம்பி. அதாவது அந்த ஸ்பிரிங் அன்றைக்கு அறுந்ததில்லை. உப்பு மாசக்கணக்கில் அதைத் தின்றிருக்கிறது. கடைசியில் அந்தக் குண்டூசித் தலைதான் ஸ்டாண்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. இடதுபக்க வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அதுவும் விட்டது, ஸ்டாண்டு கீழே இறங்கித் தரையில் குத்தியது, வண்டி எகிறியது. எதிர்பாராதவிதம் என்று இதில் ஒன்றும் இல்லை ஐயா. ஒருநாள் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஸ்பிரிங் விலை இரண்டு டீ, இரண்டு வடைக்கு ஆகிற காசு.

ஸ்டாண்டு எடுக்காமல் போகிறவனைப் பார்த்தால் நம் ஜனங்கள் எதிரே வருகிறவனோ பின்னால் வருகிறவனோ, ஏன் பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற பாட்டியோகூட, ‘ஸ்டாண்டு, ஸ்டாண்டு’ என்று கத்திச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம்தான், முகம் தெரியாத ஆளுக்காகக் குரல் கொடுக்கிறார்கள். ஆனால் எடுத்த ஸ்டாண்டு ஓட்டத்தில் தானாக இறங்கினால் யார் கத்துவது? புதிதாக வருகிற பல வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜின் ஓடாதபடி சென்சார் வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். அதுவும் உப்பு ஏறித் தொந்தரவு கொடுக்கிறது என்று ஒயரை வெட்டி நேராக முறுக்கிவிட்டு ஓட்டுகிறவர்களை எங்கள் கரையிலேயே பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சென்சாரைச் சுத்தம் பண்ணுங்கள், இல்லை மாற்றுங்கள்.

உப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும். அடிப்பலகையைச் சுரண்டுவது, பாசியும், பலகையில் ஒட்டிக்கொண்டு வளர்கிற கொட்டலசும் எடுப்பது, ஆணி பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரிப்பது என்று கரை முழுக்க வேலைச் சத்தமாக இருக்கும். உப்பில் கிடக்கிற பொருளை வருஷத்துக்கு ஒருதடவை பிரித்துப் பார்க்காவிட்டால் அது நடுக்கடலில் கைவிட்டுவிடும் என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்து தெரியும். அதே கரையில், அதே உப்புக்காற்றில், அந்தப் படகுக்குப் பக்கத்திலேயே நிற்கிற பைக்கை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ஒழுகி நேராகச் செயின் மேலேயும் பின்சக்கரத்து மேலேயும் விழுகிறது. போதாததற்கு ஏலம் முடிந்ததும் பெட்டி கழுவுகிற கடல் தண்ணீரையே இரண்டு வாளி மொண்டு வண்டி மேலேயும் ஊற்றிவிட்டு ‘வண்டி கழுவியாச்சு’ என்று கிளம்புவோம். நானும் அப்படித்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் செய்தேன். மைத்துனனாவது ஸ்பிரிங்கோடு தப்பித்தான், என் வண்டியில் நான் கண்டது அதைவிட மோசம்.

பின்பிரேக் ஒருநாள் கட்டை மாதிரி ஆகிவிட்டது. மிதித்தால் போகும், திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் சூடாகிக் கருகின நாற்றம் வந்தது. கேபிள்தான் என்று நினைத்து எண்ணெய் விட்டேன், சரியாகவில்லை. கடைசியில் சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே பிரேக் ஷூவை விரிக்கிற அந்தச் சின்னக் கேம் துருவேறி ஓட்டையோடு இறுகிப்போயிருந்தது. ஷூவில் ஒட்டியிருக்கிற லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் துரு புகுந்து, நகத்தால் நெம்பினால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு வந்தது. ஓட்டத்தில் அது கழன்று டிரம்முக்குள் சிக்கியிருந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் நாற்பது கிலோ மீன், எதிரே மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற பஸ். நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்த வண்டிக்கு ஒரு குறையும் தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம்.

அன்றையிலிருந்து என் பழக்கம் மாறியது. ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரே வாளி போதும். குடம் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் வண்டிக்கு நல்ல தண்ணீரா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் துணி அலசின கடைசித் தண்ணீரை, சோப்பு போன தெளிந்த தண்ணீரை, எடுத்துவைத்து அதில் கழுவுகிறேன். வண்டி முழுக்க வேண்டாம். செயின், பின்சக்கரம், பிரேக் கம்பி, ஸ்டாண்டு, சைலன்சர் அடிப்பக்கம், இவ்வளவுதான். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருவில் அதைக்கொண்டு கழுவுவதும் கடல் தண்ணீரில் கழுவுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கழுவி முடித்ததும் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி தெருமுனை வரை மெதுவாக ஒரு ஓட்டம். உள்ளே போன ஈரம் காய்ந்தால்தான் பிரேக் பிடிக்கும், நனைந்த பிரேக்கை நம்பி மெயின் ரோட்டில் ஏறக்கூடாது.

பெட்டியின் அடி ஓட்டையில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, பக்கத்தில் கட்டின ஐந்து லிட்டர் கேனுக்குள் விட்டிருக்கிறேன். செயினில் மீன் தண்ணீர் விழுவது அன்றோடு நின்றது. ரோட்டிலும் விழுவதில்லை. இதை மீன் லாரி, வேன் ஓட்டுகிற தம்பிகளும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐஸ் உருகின தண்ணீரில் மீன் வழுவழுப்பும் சேர்ந்து வளைவிலும் வேகத்தடையிலும் ஊற்றிக்கொண்டே போகிறீர்கள். பின்னால் வருகிற பைக்குக்கு அது எண்ணெய் கொட்டினது மாதிரி. வண்டி நின்ற இடத்தில் திறந்துவிட்டுக்கொள்ளலாமே, ஓடும்போது ஏன் திறந்து வைத்திருக்க வேண்டும்?

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கழிவு ஆயிலை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி செயினையும் பல்சக்கரத்தையும் அறுக்கும். டீசலோ மண்ணெண்ணெயோ பழைய பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்துத் துடைத்து, காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிஷம் கழித்து மேலே வழிகிறதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். உள்ளே எண்ணெய், வெளியே காய்ந்த மாதிரி, அதுதான் சரி. பெட்ரோலில் மட்டும் கழுவாதீர்கள், பெரிய வண்டிகளில் செயின் கண்ணிகளுக்குள் இருக்கிற ரப்பர் வளையம் கெட்டுவிடும், தீப்பற்றுகிற பயமும் உண்டு. சாதாரண ஊரில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருதடவை செய்வதை நாம் வாரம் ஒருதடவை செய்தால்தான் கட்டுப்படியாகும். கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும், அதற்கு மேல் தொங்கினால் கழலும், இறுக்கமாக இருந்தால் அறும். இன்னொன்று, இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: நடு ஸ்டாண்டு போட்டு இன்ஜினை ஓடவிட்டு, கியரில் சுற்றுகிற செயினைத் துணியால் பிடிக்காதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும். எங்கள் கரையில் நடுவிரலில் ஒரு கணு இல்லாமல் வலை இழுக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், அது கடலில் போனதில்லை.

டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருக்கிறவர்கள் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். பேட்டை டிஸ்க்கோடு அமுக்கிப் பிடிக்கிற காலிப்பரை நகரவிடுகிற பின்கள் உப்பில் இறுகும், ஒருபக்கப் பேட் மட்டும் தேயும். பிரேக் ஆயிலும் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாற்றியாக வேண்டும். லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா, அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள்.

இப்போது காற்று. பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள். அத்தனை டன் எடையுள்ள ரயிலுக்கு அந்த ஜாக்கிரதை. நம் பைக்குக்கு யார் சிவப்பு விளக்கு காட்டுகிறார்கள்? ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று பாலத்துக்குக் குறுக்கே அறைகிறது. ராமேஸ்வரத்தில் மீன் கொடுத்துவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்பும்போதுதான் எனக்கு அதிக பயம். மீன் இருந்தால் எடை வண்டியை அமுக்கிப் பிடிக்கும். காலிப் பெட்டி பாய் விரித்த மாதிரி, காற்று முழுக்க அதில்தான் ஏறும். அதைவிட ஆபத்து, எதிரே பஸ் வரும்போது. காற்றை எதிர்த்து நாம் ஒருபக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்போம். பஸ் குறுக்கே வந்ததும் காற்று சட்டென்று நின்றுபோகும், சாய்ந்த பக்கமே வண்டி இழுக்கும். பஸ் தாண்டின உடனே இரண்டு மடங்காக வந்து அடிக்கும். ஒரு தடவை கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். கீழே கடல், கால் இரண்டும் நடுங்கியது, கொஞ்சநேரம் கிளட்ச்சைக்கூட பிடிக்க முடியவில்லை.

அதிலிருந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பாலம் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவேன். சுவரையும் ஒட்டமாட்டேன், நடுக்கோட்டையும் ஒட்டமாட்டேன், இரண்டு பக்கமும் தடுமாற இடம் விட்டு நடுவில் போவேன். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் காற்றின் உதறல் அப்படியே முன்சக்கரத்துக்குப் போகும், அதனால் முழங்கால் இரண்டையும் டேங்கோடு அணைத்து, கையைத் தளர்வாக விடுவேன். ரொம்ப மோசமாக இருந்தால் ஓரமாக நின்று காத்திருப்பதில் எந்த அவமானமும் இல்லை, மீன் கெட்டால் கெடட்டும். வெளியூரிலிருந்து வருகிற தம்பிகள் பாலத்து நடுவில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். ஊருக்கு வாருங்கள், கடலைப் பாருங்கள், வண்டியை மட்டும் பாலத்தில் நிறுத்தாதீர்கள். நீங்கள் நிறுத்தின வண்டியிலிருந்து விலகப்போய்த்தான் பின்னால் வருகிறவன் காற்றில் மாட்டுகிறான்.

2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு தனுஷ்கோடிக்கு பைக்கில் போகிற பிள்ளைகள் அதிகம். நேர் ரோடு, இரண்டு பக்கமும் கடல், முறுக்கத்தான் தோன்றும். ஆனால் காற்று மணலைக் கொண்டுவந்து தார் மேலே மெல்லிசாக விரித்திருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் மேலே முன்பிரேக்கை அழுத்தினாலும் சரி, சாய்த்துத் திருப்பினாலும் சரி, சக்கரம் வழுக்கிவிடும். மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மணலில் வண்டியை நேராக வைத்து, பிரேக்கைத் தொடாமல் கடந்துவிட வேண்டும். இதை வைத்துக்கொண்டு முன்பிரேக்கே பிடிக்காதே என்று சொல்கிற பெரியவர்களும் நம்மிடம் உண்டு, அது தப்பு. நல்ல ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் போகும், வண்டியை நிறுத்துவதில் பெரிய பங்கு முன்பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். பெட்டி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: பின் அச்சுக்குப் பின்னால் எடையைத் தள்ளிக் கட்டினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் ஆடும், முன்பிரேக் பிடிக்காது, ஹெட்லைட்டும் மேலே தூக்கி எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கும். சீட்டை ஒட்டி, முடிந்தவரை முன்னால் தள்ளிக் கட்டுங்கள்.

பின்னால் உட்காருகிற பெண்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை. சக்கரத்துக்குள் துணி போகாமல் தடுக்கிற சேலைக் கம்பி துருப்பிடித்து லொடலொட என்று ஆடுகிறது என்று கழற்றி வீட்டு மூலையில் போட்டிருப்பார்கள். சேலை முந்தானை, துப்பட்டா, கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் புர்கா, எதுவானாலும் கம்பிச் சக்கரத்துக்குள் ஒரு முனை போனால் போதும், மறுமுனை கழுத்தில் இருக்கிறது. அந்தச் சேலைக் கம்பியைத் துரு சுரண்டிப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டுங்கள், இல்லை புதிது வாங்குங்கள். தங்கச்சிகளே, ஏறி உட்கார்ந்ததும் துணியைச் சுருட்டி மடியில் சொருகிக்கொண்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஹெல்மெட் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், எனக்கும் சொல்ல அதிகமில்லை. சட்டப்படி பின்னால் இருப்பவருக்கும், நாலு வயது தாண்டிய பிள்ளைக்கும் வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்கிறேன்: அந்த வார் பூட்டையும் உப்பு விடாது. உள்ளே இருக்கிற இரும்புப் பல் துருவேறினால் பூட்டின சத்தம் கேட்கும், இழுத்தால் நழுவும். மாட்டியதும் தாடைக்குக் கீழே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் விழுந்து கிடக்கிறவனைத் தூக்கப் போனால் போலீஸ் கேஸ் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உதவி செய்தவரை அதற்காகச் சிக்கவைக்கக்கூடாது என்று 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. பணம் யார் கட்டுவது என்று யோசித்து நேரத்தை விடாதீர்கள்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மீன் இறங்குதளங்களில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய், வண்டிகளின் அடிப்பக்கம் அலசிக்கொள்ள. வளைவுகளில் ரோட்டை மறைத்து நிற்கிற சீமைக்கருவேலத்தை வெட்டிவிட வேண்டும், ஆடு மாடு அதற்குள்ளிருந்துதான் திடீரென்று வருகிறது.

உங்களிடம் கேட்பது, ஆசிரியர் ஐயா, இன்னும் சின்னது. அடுத்த தடவை உங்கள் நிருபர் விபத்துச் செய்தி எடுக்கப் போகும்போது வண்டியையும் ஒருதடவை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எப்படி இருந்தது, டயர் எப்படி, ஸ்டாண்டு எப்படி, ரோட்டில் என்ன கிடந்தது என்று மெக்கானிக்கையோ பக்கத்துக் கடைக்காரரையோ கேட்டு ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். என் மைத்துனன் விழுந்த செய்தியில் ‘துருப்பிடித்த ஸ்டாண்டு ஸ்பிரிங் அறுந்ததால்’ என்று நாலு வார்த்தை இருந்திருந்தால், அதைப் படித்த டீக்கடையில் அன்றைக்கே பத்துப் பேராவது எழுந்துபோய்த் தங்கள் வண்டியைக் குனிந்து பார்த்திருப்பார்கள்.

இந்தத் தடைக்காலத்தில் நாங்கள் மூன்று பேர், மைத்துனனும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் உட்கார்ந்து வண்டிகளின் பின்சக்கரத்தைப் பிரித்துப்போட்டு பிரேக்கைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். படகு வேலைக்கு வருகிற பையன்களும் தங்கள் வண்டியைக் கொண்டுவருகிறார்கள். டீசலும் பிரஷ்ஷும் ஸ்பேனரும் இருக்கிறது. ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மட்டும் அவரவர் வண்டிக்கு ஏற்றதாக வாங்கி வரச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மீன் வியாபாரி,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.